கீழ் வரிசையில் உன் வில்லை

இன்றைக்குப் பிற்பகல் வகுப்பறை முழுவதும் புளி மணந்தது. மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கொன்றாக உள்ள பித்தளை வில்லைகளைப் புளி போட்டுத் துலக்க வேண்டும் என்று நீ வைத்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. பிள்ளைகள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, ஊறிய புளியையும் அடுப்புச் சாம்பலையும் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார்கள். ஈரப் பித்தளையும் புளியும் கலந்த அந்த வாசனை விரலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. "தங்கம் தோண்டற ஊர்ல நமக்குக் கெடச்சது பித்தளதான். அதையாவது பளபளன்னு வெச்சிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நீயும் அவர்களோடு உட்கார்ந்து தேய்ப்பாய். இப்போது இதை எழுதும் என் கையிலும் அந்த வாசனைதான்.

துலக்கி முடித்ததும், அவற்றைப் பலகையில் மாட்டும் வேலையை வள்ளியிடம் கொடுத்தேன். வள்ளியை உனக்குத் தெரியாது. பலமனேர் பக்கத்திலிருந்து சமீபத்தில் வந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கைவேலை கொடுத்தால் மட்டும் முகம் தெளியும். ஒவ்வொரு வில்லையையும் பாவாடையில் துடைத்து, வரிசை பிசகாமல் மாட்டினாள். எல்லாவற்றையும் கீழ் வரிசையில் மாட்டிவிட்டாள். உன்னுடையதையும் சேர்த்து.

நீ போன பிறகு அது மேல் வரிசையின் கடைசி ஆணியிலேயே இருந்தது. துலக்குவதற்கு எடுப்போம், திரும்ப அங்கேயே மாட்டிவிடுவோம். வள்ளிக்கு அதைச் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. செங்கேணிதான் முதலில் கவனித்தாள். எழுந்து போய் எடுக்கப் பார்த்தவள், நடுவில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பேசினால்தான் வில்லை மேலே ஏறும், கீழே ஒரு வில்லை இருந்தாலும் வகுப்பைக் கலைக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். குப்பு உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தொண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "அப்பொ அந்த டீச்சரம்மா பேசாம நாம ஊட்டுக்குப் போவ முடியாது. அவங்களுக்குப் பதிலா நீங்க பேசுங்க டீச்சரம்மா, பசிக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லாமல் வைத்துக்கொண்டதையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன்.

நம் அப்பாக்கள் இருவரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரே மேஸ்திரியோடு வந்தவர்கள். நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். உங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் பெயர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டார். நீ எழுந்து என் பெயரையும், கேட்காமலேயே என் அப்பா பெயரையும் சொல்லிவிட்டு, "அதுக்குப் பேச வரும் சார். ஆனா பேசாது" என்றாய். அன்றிலிருந்து எனக்கான பேச்சையும் நீயே பேசினாய். கடையில் எண்ணெய் கேட்டது நீ. என் சிலேட்டை உடைத்தவளோடு சண்டை போட்டதும் நீ.

நீ வேலூரில் பயிற்சி முடித்து வந்து இங்கே சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய சில வருஷங்களில் நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கூடக் கிடையாது. பி.ஏ. தேறினேன் என்று செய்தி வந்தபோது அப்பா, அது இன்னா வேல, என்று உன்னிடம்தான் கேட்டாராம். மாரிகுப்பத்தில் நான் ரயிலை விட்டு இறங்கியபோது, பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு நீ கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"இன்னா பி.ஏ., பட்டணத்துலயாவது வாயத் தொறந்தியா?"

"கொஞ்சம்."

"பாரு, ஒரு வார்த்த வந்துடுச்சு. பட்டம் வேல செய்து."

பட்டம் இருந்ததால் என்னைத் தலைமை ஆசிரியை ஆக்கினார்கள். அதுவரை பள்ளிக்கூடத்தை நடத்திவந்த நீ உதவி ஆசிரியை ஆனாய். வேறு யாராக இருந்தாலும் மனத்தில் வைத்துக்கொண்டிருப்பார்கள். நீ வாய்விட்டே சொல்லித் தீர்த்துக்கொண்டாய். யாராவது அதிகாரி வந்தால், "எட்மாஸ்டரம்மா உள்ள இருக்காங்க, ஆனா சத்தம் வராது, நீங்களே போயி கண்டுபிடிச்சிக்கோங்க" என்பாய். எனக்கு அது பிடித்தே இருந்தது. நீ வாசலில் நின்று பேசுவதால் நான் உள்ளே நிம்மதியாக வேலை பார்த்தேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் இன்ஸ்பெக்டர் வருவார் என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு பெண்ணையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், வாசித்ததைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பேசச் சொல்வார். மூன்றில் இரண்டில் தேறினால் மேல் வகுப்பு. அதற்கு முன்பு நாமே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

உன் கணக்கில் வாய் திறந்தவர்கள் எல்லோருமே நன்றாக வாசித்தார்கள். குப்புவை எழுப்பிவிட்டாய். பக்கத்து மில்லில் கல் இடிக்கும் சத்தம் இரவும் பகலும் ஓயாத ஊர் இது. அந்தத் தாளத்துக்குச் சரியாக அவள் முழுப் பாடத்தையும் ஒப்பித்தாள். "தண்ணி மாதிரி ஓடுது பாத்தியா" என்று நீ பெருமைப்பட்டாய். அவள் கண் மட்டும் கூரையில் இருந்த பல்லியைவிட்டு நகரவில்லை. நான் போய் அவள் கையிலிருந்த புத்தகத்தில் இரண்டு பக்கங்களைத் தள்ளிப் புரட்டினேன். அவள் அதே பாடத்தை அதே வேகத்தில் வாசித்துக்கொண்டே போனாள். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாய். தோள் குலுங்கியது. சிரித்து முடித்துத் திரும்பியபோது கொஞ்சம் பயந்தும் இருந்தாய். எத்தனை பேர் இப்படி என்று நமக்குத் தெரியாது.

அந்த ஒரு விஷயத்தில் என் ஊமைத்தனம் உதவியது. மில் சத்தத்துக்கு மேல் கத்த என்னால் முடியாது. அதனால் கரும்பலகையில் எழுதினேன்: இதை வாசித்தவர்கள் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள். எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். பலகையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். குப்பு உன்னையே பார்த்தாள். அப்போது பின் வரிசையிலிருந்து செங்கேணி எழுந்தாள். பானையைத் தொட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் குரலை நாம் அதுவரை கேட்டதே கிடையாது. வாசிக்கத் தெரியாதவள் என்று நீ முடிவுகட்டி வைத்திருந்த பெண் அவள். அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு தினமும் எதையாவது எழுதிவைத்தேன். ஒருநாள், குப்பு இன்று தலை வாரவில்லை என்று எழுதினேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். குப்புவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்ததும், இனி தன்னைப் பற்றி எழுதினால் தானே முதலில் கண்டுபிடிப்பது என்று வீம்பு பிடித்து உண்மையாகவே படிக்கத் தொடங்கினாள். வாசிக்கிறவளின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று நான் சொன்னபோது, "நீ மூஞ்சியப் பாரு, நான் வாயப் பாக்கறேன். ரெண்டு பேருமா சேந்தா ஒரு முழு டீச்சரு" என்றாய்.

எழுத்தில் நமக்குச் சண்டை வந்தது. நீ சொல்லச் சொல்ல எழுதுவதைத்தான் எழுத்து என்பாய். கோணல் எழுத்தைக் கண்டால் உனக்குப் பொறுக்காது. சொந்தமாக எழுதட்டும், கோணலாக இருந்தாலும் சரி என்பேன் நான். கடைசியில் இரண்டையும் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டோம். முந்தின நாள் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னோம். செங்கேணி எழுதியதை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். "அப்பாவுக்கு நைட் ஷிப்டு. அப்பா கீழே இருக்கும்போது அம்மா பேச மாட்டாள். சங்கு ஊதுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எங்களையும் பேச விட மாட்டாள். அப்பா வந்த பிறகு பேசினாள்." அவ்வளவுதான். வேளை தவறிச் சங்கு ஊதினால் உள்ளே ஏதோ விபத்து என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீ அந்தச் சிலேட்டை அழிக்காமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தாய். எழுத்து நேராகவும் இருந்தது.

மூன்றாவது, பேச்சு. அதில்தான் பலகை வந்தது. உன் தம்பி சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போன ஒரு காலையில் நீ சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டின் வாசல்வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். அங்கே ஆட்கள் இறங்கும்போது ஆளுக்கொரு வில்லையை ஒரு பலகையில் மாட்டிவிட்டு இறங்குவதையும், மேலே ஏறியதும் எடுத்துக்கொள்வதையும், ஒரு வில்லை மிஞ்சினாலும் யார் இன்னும் மேலே வரவில்லை என்று தேடுவதையும் பார்த்துவிட்டு வந்தாய். அதெல்லாம் நாம் சிறு வயதிலிருந்தே அறிந்ததுதான். ஆனால் அன்று நீ வகுப்புக்குள் நுழையும்போதே உன் கண் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் ஓட்டையாகிக் கிடந்த பித்தளைக் குண்டானை எடுத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாய். பாத்திரக்காரர் அதை வட்ட வட்டமாக வெட்டித் துளை போட்டுக்கொடுத்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டவரிடம், "பொண்ணுங்கள சொரங்கத்துல எறக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அவர் மனைவி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இரண்டு வரிசை ஆணி. காலையில் எல்லா வில்லையும் கீழ் வரிசையில். பாடத்தைப் பற்றி ஒருத்தி தன் யோசனையாக ஒன்று சொன்னால் அவள் வில்லை மேல் வரிசைக்கு ஏறும். ஏறியவள் சும்மா இருக்கக் கூடாது. கீழே இருக்கும் ஒருத்திக்குக் கேஜ் அனுப்ப வேண்டும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் பெயரைத்தான் நீ கேள்விக்கு வைத்தாய். ஆமாம், இல்லை என்று தலையாட்டி முடித்துவிடக்கூடிய கேள்வி கேட்டால், "காலிக் கேஜ், காலிக் கேஜ்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எல்லோரும் ஏறிய பிறகுதான் மணி. உனக்கும் எனக்கும்கூட வில்லை உண்டு என்றாய். பாடம் சொல்வது பேச்சில் சேராது என்று வேறு சேர்த்துக்கொண்டாய். உன் வில்லை காலை வணக்கம் முடிவதற்குள் ஏறிவிடும். என்னுடையது பெரும்பாலும் கடைசி. என்னால் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேளை தவறியது உண்டு.

எனக்கும் பின்னால் செங்கேணி. எல்லோரும் அவளுக்குக் கேஜ் அனுப்புவார்கள். அவள் தரையைப் பார்ப்பாள். நாளாக நாளாக, அவளுக்காக ஒரு சலுகை என்று நான் அந்த வில்லையை நானே எடுத்து மேலே மாட்டி மணியடித்துவிடுவேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

மார்கழியில் அவள் அம்மா முனியம்மா வந்தாள். சுரங்கத்துக்கு வெளியே கல் பொறுக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கைவரை வெள்ளைத் தூசி. வாசற்படிக்கு வெளியே நின்றே பேசினாள். "படிக்கிதா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா. வாயத் தொறந்தாத்தான தெரியும். ஊட்லயும் பேசாது. இந்த வாட்டி பாஸாவலன்னா என்னோட கல்லு பொறுக்க இட்டுக்கினு போறேன். அங்க பேசற வேலையே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மகளுக்குப் பொருத்தமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதிதான் அவள் குரலில் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை நாம் சண்டை போட்டோம். வாசிப்பும் எழுத்தும் அவளுக்கு வரும், இரண்டில் தேறினால் போதும், பேச்சை விட்டுவிடலாம் என்றேன். வாய்விட்டு வாசித்தால்தான் அந்த ஆளுக்கு வாசிப்பு, வாய்விட்டுச் சொன்னால்தான் பதில், ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இவள் எங்கே தேறுவது என்றாய். பேசாமல் இருப்பதும் ஒரு குணம்தானே என்றேன். அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

"நீ கீழயே குந்திப் பழகிட்ட. அவளுக்கும் பக்கத்துல ஒரு எடம் போட்டுக் குடுக்கற. உனுக்குப் பேச நான் இருந்தேன். அவளுக்கு யாரு கீறா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு உன்னோடு பேசாமல் இருந்தேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதோடு கோபம் போய்விட்டது. ஆனால் நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளைப் பேசு பேசு என்று பிடித்துத் தள்ளினால் இன்னும் உள்ளே போவாள், எனக்கு அது தெரியும் என்றேன். நீ அதை ஒத்துக்கொண்டாய். உன்னுடைய நல்ல குணங்களில் அதுவும் ஒன்று. தோற்றால் சத்தமாகவே தோற்பாய்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மாரிகுப்பத்திலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், ஆனால் களைத்திருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் ஒவ்வொருத்தியாக அழைத்தார். கிணற்றில் விழுந்த ஓர் ஆட்டைப் பற்றிய புதுப் பாடம் ஒன்றை அவரே கொண்டுவந்திருந்தார். குப்பு அதைக் கண்ணால் பார்த்து, தடுக்கித் தடுக்கி, உண்மையாகவே வாசித்தாள். கிணறு எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கேட்டார். "அர லெவல் இருக்கும் ஐயா" என்றாள். அவர் பேனா நின்றது. சுரங்கத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையில் உள்ள ஆழத்தில் பாதி என்று நீ பின்னாலிருந்து எடுத்துச் சொன்னாய். அப்படியானால் சரிதான் என்று அவரும் சிரித்துக்கொண்டார்.

செங்கேணி முறை வந்தது. சொல்லச் சொல்ல எழுதுவதில் ஒரு பிழையும் இல்லை. வாசிக்கச் சொன்னார். உதடு அசைந்தது, மில் சத்தம்தான் கேட்டது. சரி, கேள்விக்காவது பதில் சொல் என்றார். நீ அங்கே இருந்திருந்தால் அந்த ஆட்டுக்கு என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். ஜட்காக்காரன் வெளியே குதிரையை அதட்டுவது கேட்டது. அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

நான் உன்னைப் பார்த்தேன். வழக்கம்போல நீ பேசுவாய் என்றுதான் பார்த்தேன். நீ சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாய். வாய் திறக்கவில்லை. நம் வாழ்நாளில் நீ பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"ஐயா" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது. எங்கள் வகுப்பில் ஒரு முறை வைத்திருக்கிறோம், பதில் சொல்லத் திணறுகிறவளை இன்னொருத்தி கேள்வி கேட்கலாம், ஒரே ஒரு கேள்விக்கு அனுமதி வேண்டும் என்றேன். பதிலைச் சொல்லிக்கொடுப்பது ஆகாதா அது, என்று கேட்டார். ஆகாது, பதில் உள்ளே இருக்கிறது, கேள்வி அதை ஏற்றிக்கொண்டு வரும் என்றேன். அவர் பேனாவை வைத்தார்.

குப்பு முன்னால் வந்தாள். எதையாவது கத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் தன் தோழியின் பக்கத்தில் நின்று, எனக்கே ஆச்சரியமாக, மெதுவாகக் கேட்டாள். "செங்கேணி, ஆடு உள்ள வுழுந்து கெடக்குது. மேல நிக்கறவங்க அது கத்துதான்னு பாக்கறாங்க. கத்தல. செத்துட்டுதுன்னு போயிடலாமா?"

காலிக் கேஜ் என்று எனக்குள் ஓடியது. தலையாட்டி முடித்துவிடலாம். செங்கேணி தலையாட்டவில்லை.

"போவக் கூடாது" என்றாள். சின்னக் குரல், ஆனால் கரகரப்பு இல்லை. "கத்தலன்னாலும் கயிறு எறக்கணும். கத்த முடியாம இருக்கும். கயிறு வந்தா பாத்துக்கும்."

இது பாடத்தில் இல்லையே என்றார் இன்ஸ்பெக்டர். இல்லீங்க என்றாள் அவள். பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. நாற்காலியை விட்டு எழுந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்டால் போதும், வாசி என்றார். அவள் வாசித்தாள். அவர் காதைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை. இருந்தாலும் வாசிப்பில் அவர் மதிப்பெண் தரவில்லை. வகுப்புக்குக் கேட்க வேண்டும் என்பது விதி என்றார். எழுத்தில் தேர்ச்சி, பதிலில் தேர்ச்சி. மூன்றில் இரண்டு.

ஜட்கா கிளம்பியதும் நீ நேராகப் பலகைக்குப் போனாய். செங்கேணியின் வில்லையைத்தான் எடுப்பாய் என்று எல்லோரும் நினைத்தோம். அதை நீ அவளிடமே விட்டுவிட்டாய். என்னுடையதை எடுத்து மேல் வரிசையின் முதல் ஆணியில் மாட்டினாய். "இன்னிக்கி மொதல்ல ஏறனது எட்மாஸ்டரம்மா" என்று பிள்ளைகளிடம் சொன்னாய். அப்புறம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தாய். முனியம்மாவுக்கு விஷயத்தைச் சொல்ல நீ போகவில்லை, என்னை அனுப்பினாய். நான் போய்ச் சொன்னேன். அவள் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, "பேசிச்சா? இன்னா பேசிச்சு?" என்று அதையே மறுபடி மறுபடி கேட்டாள். நானும் மறுபடி மறுபடி சொன்னேன்.

அடுத்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணன் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வருகிறேன் என்று குடியாத்தத்துக்குக் கிளம்பினாய். கிளம்பும் முன் பள்ளிக்கூடத்துக்கு வந்து உன் வில்லையை மேல் வரிசையின் கடைசி ஆணியில் மாட்டினாய். "எனுக்குப் பேச வேண்டியது ஒண்ணும் பாக்கி இல்ல. வந்தப்புறம் மறுபடி எறங்கறேன்" என்றாய். நீ வரவில்லை, செய்திதான் வந்தது.

இதைத் துக்கமாக எழுத நான் உட்காரவில்லை. பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது. குப்பு கூரையைப் பார்ப்பதே இல்லை. செங்கேணி இன்னும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அவள் வில்லையை அவளேதான் ஏற்றுகிறாள். வருகிற ஆண்டு அவளை வேலூருக்கு அனுப்பலாமா என்று முனியம்மா தானாகவே வந்து கேட்டாள். ஒரே ஒன்றுதான் எனக்கு வராமல் இருந்தது. செய்தி வந்த நாளிலிருந்து உன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் அந்த டீச்சரம்மா என்பேன். உன் அண்ணனுக்கு எழுதும்போது உங்கள் தங்கை என்பேன். பிள்ளைகளும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

இன்று இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மணியடிக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. இடையிடையே ஆளுக்கொன்று கேட்டும் சொல்லியும் மற்ற எல்லோருடைய வில்லையும் ஏறியிருந்தது. கீழ் வரிசையில் இரண்டு வில்லைகள்தான் மிஞ்சியிருந்தன, உன்னுடையதும் வள்ளியுடையதும். அந்தப் பெண் வந்ததிலிருந்து செங்கேணி தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கிறாள். பதில் வராது. மறுநாள் மறுபடி கேட்பாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. நான் சலுகை காட்டி வில்லையை ஏற்றுவதையும் விட்டுவிட்டேன்; புதியவள் என்பதால், அவள் வில்லை கீழே இருக்கும்போதே மணியை மட்டும் அடித்துவிடுகிறேன்.

வள்ளி எழுந்தாள். பலகைக்குப் பக்கத்தில் போனாள். தான் துலக்கிய வில்லையை, உன்னுடையதை, விரலால் தொட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க பேரு இன்னா?"

குப்புவின் வாய்கூடத் திறந்தபடி நின்றுவிட்டது. வள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. எனக்குப் பதில் சொல்ல நீ எங்கேயும் சுவரில் சாய்ந்து நிற்கவும் இல்லை.

சொன்னேன். மில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. உன் பெயரையும், கேட்காமலேயே உன் அப்பா பெயரையும் சொன்னேன்.

வள்ளி உன் வில்லையை எடுத்து மேல் வரிசையில் மாட்டினாள். அதற்குப் பக்கத்தில் தன்னுடையதையும் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் மணியடித்தேன்.